மிஞ்சி நிற்கும் பித்தளை: வீட்டில் தோட்டா மறுநிரப்பத் தொடங்குவோருக்கு

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைச் சுட்டுவிட்டுக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், சூடான பித்தளைக் கூடு ஒன்று வெளியே வந்து விழுகிறது. பலர் அதைக் குப்பை என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள். சிலர் குனிந்து எடுத்து, வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாம் வகையினரைப் பற்றியது.

தோட்டா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும், ஊசி குத்தியதும் தீப்பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே எரிந்து குண்டைத் தள்ளும் துப்பாக்கி மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிவிடுகிறது, பிரைமர் செத்துவிடுகிறது. கூடு மட்டும் மிஞ்சுகிறது. நல்ல தரமான கூடாக இருந்தால், நான்கில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதில் புதிய பிரைமரும் புதிய மருந்தும் புதிய குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். தமிழில் மறுநிரப்பல் என்று சொல்லலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பிரஸ் (கூட்டை அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி) வாங்குவது, எந்த மருந்து நல்லது என்பதைத்தான். என் அனுபவத்தில் அது தவறான வாசல். பித்தளைக் கூடு என்ன பாடுபடுகிறது என்று புரிந்துகொண்டவருக்கு மற்ற எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். அது புரியாதவர் எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் ஆபத்தின் விளிம்பில்தான் வேலை செய்கிறார்.

இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. வேட்டையும் இலக்குச் சுடுதலும் அங்கே பரவலாக இருப்பது ஒரு காரணம், சட்டம் இடம் கொடுப்பது இன்னொரு காரணம். அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் பிரைமரின் அமைப்பில் இருக்கிறது. 1860களில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு வகைப் பிரைமர்களை வடிவமைத்தார்கள். ஆங்கிலேய இராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்சர் வடிவமைத்ததில், ஊசியின் குத்தைத் தாங்கும் பட்டடை போன்ற சிறு துண்டு பிரைமருக்குள்ளேயே இருக்கும். கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் அமைப்பில் பட்டடை கூட்டோடு சேர்ந்தே இருக்கும். தீப்பொறி போக ஓரங்களில் இரண்டு சிறு துளைகள். காலப்போக்கில் ஆங்கிலேயரின் பிரைமர் அமெரிக்காவிலும், அமெரிக்கரின் பிரைமர் ஐரோப்பியப் படைகளிலும் நிலைத்துவிட்டது. நடுவே ஒற்றைத் துளை இருப்பதால் பாக்சர் கூட்டிலிருந்து செத்த பிரைமரை ஒரு எஃகு ஊசியால் குத்தி ஒரே தள்ளில் வெளியேற்றிவிடலாம். பெர்டன் கூட்டில் அது நடக்காது. நடுவில் ஊசி நுழைய வழியே இல்லை. அமெரிக்காவில் கடையில் கிடைத்த தோட்டாக்கள் பாக்சர் வகையாக அமைந்துபோனதால், சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளில் பெரும்பாலானவை மறுபடி நிரப்பத் தகுந்தவையாக இருந்தன. ஒரு சின்னத் துளை ஒரு நாட்டின் பொழுதுபோக்கைத் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், குறடு போன்ற கைக்கருவி ஒன்றை விற்றது. பிரைமர் எடுப்பது முதல் குண்டு பதிப்பது வரை அதை வைத்தே செய்துகொள்ளலாம். 1925இல் லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கியது. ஆனால் இது லட்சக்கணக்கானவர்களின் பழக்கமாக விரிந்தது இரண்டாம் உலகப்போரை ஒட்டித்தான். போர்க்காலத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்டுப்போட்ட பாயின்ட் 22 ரிம்ஃபயர் (தனிப் பிரைமர் இல்லாத சிறு தோட்டா) கூடுகளையே குண்டின் வெளியுறையாக மாற்றிச் சிறு குண்டுகள் செய்யும் அச்சுகளை உருவாக்கினார். 1943இல் அப்படிப் பிறந்ததுதான் ஆர்.சி.பி.எஸ். என்ற மறுநிரப்பல் கருவி நிறுவனம். போர் முடிந்ததும் அரசிடம் உபரி மருந்து மலையாகக் குவிந்து கிடந்தது. கான்சஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அந்த உபரியை வாங்கி, சிறிது சிறிதாகச் சுடுவோருக்கு விற்றார். 1949இல் நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி குண்டு செய்யத் தொடங்கினார். 1958இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ தன் வீட்டுப் பட்டறையில் ஒரு எளிய கருவியை உருவாக்கினார். பின்னால் வந்த அதன் ரைஃபிள் வடிவத்தை வைத்து, பிரஸ் எதுவும் இல்லாமல், சுத்தியலால் தட்டியே தோட்டா செய்துவிடலாம். இன்று கடைகளில் நாம் பார்க்கும் பெயர்களில் பாதி, இப்படி வீட்டுக் கொட்டகையிலும் கார் நிறுத்துமிடத்திலும் பிறந்தவை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் தோட்டா செய்வது கடும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் தண்டனை வரைகூட நீளலாம். ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் அமெரிக்கா போன்ற, சட்டம் இடம்தரும் நாடுகளில் வாழ்பவர்களுக்கு. அங்கே மத்தியச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்கப் போனால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு. தொடங்கும் முன் அவற்றைப் படித்துவிடுவது உங்கள் கடமை.

ஏன் போல்ட் ஆக்‌ஷன்? தானாக இயங்கும் துப்பாக்கிகள் கூட்டை வேகத்தோடு பிடுங்கிப் பத்தடி தூரத்துக்கு வீசுகின்றன. புல்லில் தேட வேண்டும், வாய் நசுங்கியிருக்கும், விளிம்பு கிழிந்திருக்கும். போல்ட் ஆக்‌ஷனில் கூட்டை எடுப்பது உங்கள் கை. மெதுவாக இழுத்தால் விரலிலேயே வந்து தங்கும். தவிர, தானியங்கித் துப்பாக்கி ஓடுவதற்குக் குறிப்பிட்ட அளவு வாயு அழுத்தம் வேண்டும். போல்ட் ஆக்‌ஷனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மென்மையான நிரப்பலும் வன்மையான நிரப்பலும் அதற்கு ஒன்றுதான். இன்னொன்று, கைப்பிடியைத் தூக்கும்போதே கூட்டின் நிலை கைக்குத் தெரிந்துவிடும். வழக்கமாக வழுக்கிக்கொண்டு எழும் போல்ட் (அறையின் பின்வாயை மூடும், கைப்பிடி பொருத்திய எஃகுத் தண்டு) திடீரென்று பிடித்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நீண்ட காலம் சுடுகிறார்கள்.

இப்போது கூட்டுக்கு வருவோம். பாயின்ட் 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1952இல் வந்தது, தொடங்குவோருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது கடினம். கூடும் குண்டும் மருந்தும் எங்கும் கிடைக்கும், நிரப்பல் அட்டவணைகள் ஏராளம். அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் 1926இல் அமைத்த சாமி (SAAMI) என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றை 32 பவுண்டு என்று வைத்தால், அதைப்போல ஏறக்குறைய 1,900 மடங்கு. உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

பிரைமர் வெடித்து மருந்து பற்றிய மறுகணம் பித்தளை உப்புகிறது. குண்டைப் பிடித்திருக்கும் மெல்லிய கழுத்தும் அதன் கீழுள்ள உடலும், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் எஃகு அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகின்றன. கூட்டின் தலையாய வேலை இதுதான். மருந்தை வைத்திருக்கும் பாத்திரமாக அது இருப்பது ஒரு காலம். வாயுவை அடைக்கும் முத்திரையாக அது இருப்பது வேறொரு காலம், ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடி மட்டுமே நீடிப்பது. குண்டு குழலை விட்டதும் அழுத்தம் விழுகிறது, பித்தளை சற்றே சுருங்கிப் பின்வாங்குகிறது. முழுதாகச் சுருங்குவதில்லை. அது இப்போது உங்கள் ரைஃபிளின் அறையை வார்த்தெடுத்த அச்சு.

சுவரோடு முன்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் கூட்டின் தடித்த அடிப்பகுதி பின்னால் தள்ளப்பட்டு போல்டின் முகத்தில் போய் மோதுகிறது. கூட்டின் தோளுக்கும் (உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவு) அறைக்கும் நடுவே இடைவெளி அதிகமிருந்தால் அந்த அளவுக்கு பித்தளை நீள வேண்டியிருக்கும். நீளுவது எங்கே? அடிப்பகுதி முடிந்து சுவர் மெலியத் தொடங்கும் இடத்தில். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த வளையம் சற்றே மெலிகிறது. ஒருநாள் அங்கேயே அறுந்து கூடு இரண்டாகிறது. பெரும்பாலும் பாதிக் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்வதோடு முடியும். மோசமான நாளில் வாயு பின்னால் பீறிட்டு முகத்துக்கு வரும்.

வேடிக்கை பார்க்க நேரமில்லாத இந்த ஆபத்தை உண்டாக்குவது பெரும்பாலும் மருந்து அல்ல, நிரப்புகிறவரின் அச்சு. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்க அதை ஒரு எஃகு அச்சுக்குள் அழுத்துகிறோம். அச்சோடு வரும் குறிப்புத் தாள், கூட்டைத் தாங்கும் வளையத்தை அச்சு தொடும்வரை இறக்கி, அதற்குமேல் ஒரு கால் சுற்றுத் திருகச் சொல்லும். எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் தோட்டா வேண்டுமானால் அது சரி. ஆனால் உங்கள் அறை சற்று நீளமானதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் தோளை வேண்டாத அளவுக்குப் பின்னால் தள்ளி, ஒவ்வொரு முறையும் அதை நீளச் செய்து, கூட்டை நீங்களே மெலியவைக்கிறீர்கள். காலிப்பரில் (நுண்ணிய நீளங்களை அளக்கும் கருவி) பொருத்தும் சிறு அளவுக் கட்டை ஒன்று இருந்தால் தோள் எங்கே நிற்கிறது என்று அளந்துவிடலாம். சுட்ட கூட்டின் அளவிலிருந்து 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டும் தள்ளினால் போதும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு அது. என்னிடம் கேட்டால், தொடங்குகிறவர் பிரஸ்ஸில் மிச்சம் பிடித்தாவது இந்தக் கட்டையை வாங்க வேண்டும்.

மெலிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி. காகிதம் செருகும் கிளிப்பை நீட்டி, நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டு உள்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். வளையம் போல் ஒரு பள்ளம் நுனியில் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. வெளியில் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான கோடு தெரிந்தாலும் அப்படியே.

கழுத்தின் கதை வேறு. சுடும்போது விரிகிறது, அச்சில் சுருங்குகிறது, மறுபடி விரிகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் விறைத்து ஒடிவதைப் போல, இந்தப் பித்தளையும் இறுகிக் கடைசியில் வாயோரம் வெடிக்கிறது. பித்தளைப் பாத்திரம் அடிக்கும் நம்மூர்க் கைவினைஞர் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டி இளக்குவாரே, அதே வேலையைக் கூட்டின் கழுத்துக்கும் தோளுக்கும் செய்கிறவர்கள் உண்டு. அடிப்பகுதிக்கு மட்டும் அந்தச் சூடு போகவே கூடாது. இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது. தொடங்குகிறவர் முதல் சில சுற்றுகளில் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கருவிகள் விஷயத்தில் நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் நீளமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் எளிய பிரஸ், உங்கள் தோட்டாவுக்கான அச்சுத் தொகுதி, கூடு தாங்கும் வளையம், தராசு, காலிப்பர், நீளம் வெட்டும் கருவி, வாய் ஓரத்தைச் சீவும் கருவி, பிரைமர் பதிக்கும் கைக்கருவி, புனல், கூடுகளை நிற்கவைக்கும் குழிப்பலகை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு நிரப்பல் கையேடு, முடிந்தால் இரண்டு. குண்டு செய்யும் நிறுவனங்களும் மருந்து செய்யும் நிறுவனங்களும் தத்தம் ஆய்வுக்கூடத்தில் அழுத்தமானி வைத்துச் சோதித்த அளவுகளை அச்சிடுகின்றன. யாரோ ஒருவர் இணையத்தில் எழுதிய அளவும், சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன அளவும் அவற்றுக்கு ஈடாகாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவருடைய குழலும் கூடும் மருந்துத் தொகுப்பும் வேறு.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. பாயின்ட் 308இல் ஒரு தோட்டாவுக்கு 45 கிரெய்ன் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டு டப்பா 155 தோட்டாக்களுக்கு வரும். இந்தக் கைத்தொழிலில் அரைக் குன்றிமணி எடை என்பது அசட்டை செய்யக்கூடிய அளவே அல்ல. மருந்து கூடக்கூட அழுத்தம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. உச்சத்துக்கு அருகில் போகப்போக அது தாவத் தொடங்கும். கையேட்டின் உச்ச அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, சிறு படிகளாக ஏறுங்கள் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்வது இதனால்தான். அதற்காக, குறைத்துக்கொண்டே போனால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் கீழ்வரம்புக்கும் குறைவாகப் போட்டபோது துப்பாக்கிகள் சிதறியிருக்கின்றன. இரண்டு எல்லையும் எல்லைதான்.

பெயர்க் குழப்பம் இன்னொரு பொறி. ஹெச் 4350, ஐ.எம்.ஆர். 4350 என்று இரண்டு மருந்துகள் உண்டு. எண் ஒன்று, மருந்து வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. 4895க்கும் அதே கதை. கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தை ரைஃபிள் கூட்டில் தவறுதலாக நிரப்பினால் விளைவு பயங்கரம். மருந்தைப் பார்த்து, முகர்ந்து, தொட்டு அடையாளம் காண முடியாது. ஆகவே மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மருந்து அளக்கும் கருவியில் எஞ்சியது அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். பெயர் ஒட்டாத மருந்து எங்கிருந்தாவது கிடைத்தால், அது என்னவென்று ஊகிக்க முயலாமல் அப்புறப்படுத்திவிடுங்கள். தொடங்குகிறவர், கூட்டை ஏறக்குறைய நிறைக்கும் மருந்தாகப் பார்த்துத் தேர்ந்துகொள்வது நல்லது. மறந்துபோய் இரண்டாம் முறை ஊற்றினால் அது வழிந்து கொட்டி உங்களுக்குச் சொல்லிவிடும்.

ஒரு பகுதியை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இராணுவ 7.62 கூடுகளின் சுவர் பொதுவாகத் தடித்திருக்கும், உள்ளிடம் குறைவு. கடைக் கூட்டில் பத்திரமாக இருந்த அதே மருந்தளவு அதில் அழுத்தத்தைக் கூட்டிவிடும். எடை ஒன்றாக இருந்தும் வடிவம் வேறான குண்டும் அப்படியே. கூடு, பிரைமர், மருந்து, குண்டு என நான்கில் எது மாறினாலும் மறுபடி கீழிருந்து ஏற வேண்டும்.

அழுத்த அறிகுறிகள் என்று ஒரு பட்டியலைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: தட்டையான பிரைமர், ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி எழும் விளிம்பு, கூட்டின் அடியில் பளிச்சென்று ஒரு தழும்பு, கனத்துப்போன போல்ட். இவை தெரிந்தால் நிறுத்தவேண்டும், மறுபேச்சில்லை. ஆனால் இவை தெரியாததால் எல்லாம் சரி என்று முடிவு கட்டுவது தவறு. பல சமயம் இந்த அறிகுறிகள் தலைகாட்டுவது எல்லையைத் தாண்டிய பிறகுதான். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. கையேடு சொல்லும் உச்ச வேகத்தை நீங்கள் எட்டிவிட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அந்த அழுத்தத்தையும் நீங்கள் எட்டிவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும்.

வேலையின் வரிசை எளிது. கூட்டைச் சுத்தம் செய்து, விரிசல், பள்ளம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு மெல்லிய மசகு தடவி அச்சில் அழுத்தினால், ஒரே இழுப்பில் பழைய பிரைமரும் வெளியேறி, உடலும் அளவுக்கு வந்துவிடும். மசகு தடவ மறந்தால் கூடு அச்சுக்குள்ளேயே இறுகிவிடும். என் முதல் வாரத்தில் எனக்கு அது நடந்தது. அடிப்பகுதியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணி போட்டு இழுத்து எடுப்பதற்குள் ஒரு மாலை போய்விட்டது. அதற்குப் பிறகு தடவிய கூடுகளை ஒரு தட்டிலும் தடவாதவற்றை வேறு தட்டிலும் வைக்காமல் நான் பிரஸ் அருகில் போனதில்லை. மசகு அதிகமானால் தோளில் பள்ளம் விழும்; குறைந்தால் சிக்கும். விரல் நுனி வழுவழுப்பை உணரும் அளவு போதும்.

அச்சிலிருந்து வந்த கூடு நீண்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். பாயின்ட் 308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், மீறினால் 2.005க்கு வெட்டிவிடுகிறார்கள். வெட்டாமல் விட்டால் கூட்டின் வாய் அறையின் முன்விளிம்பில் முட்டி, குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் எகிறும். வெட்டிய ஓரத்தை உள்ளும் புறமும் சீவியபின், புதிய பிரைமரைக் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்குமாறு பதிக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். பிறகு மருந்தை நிறுத்து ஊற்றி, குழிப்பலகையில் நிற்கும் எல்லாக் கூடுகளுக்குள்ளும் விளக்கடித்து, மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மட்டத்தில் சந்தேகம் வந்த கூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி நிறுங்கள். கடைசியில் குண்டைப் பதிப்பது. மொத்த நீளம் கையேடு சொன்னபடி இருந்தால் போதும். குழலின் வரிப்பள்ளங்களைத் தொடும்படி குண்டை முன்னால் வைத்தால் துல்லியம் கூடும் என்று கேள்விப்படுவீர்கள். அப்படி வைப்பது அழுத்தத்தையும் கூட்டும். அது பின்னாளைய பாடம்.

துல்லியம் பற்றிப் பேசும்போதுதான் இந்தத் துறையில் நல்லவர்களும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, அரை அங்குலத்துக்குள் விழுந்ததும் அதுவே சிறந்த நிரப்பல் என்று முடிவுகட்டி, தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். மூன்று என்பது மிகச் சிறிய எண். மூன்று மூன்றாகச் சுட்டால் குண்டுகள் விழும் அகலம் சராசரியாக 1 அங்குலம் இருக்கும் அதே துப்பாக்கியும் அதே தோட்டாவும், பத்துக் குண்டு சுட்டால் சராசரியாக 1.6 அங்குலத்துக்கு விரியும். துப்பாக்கி மோசமாகிவிட்டதால் அல்ல, கணக்கே அப்படி. மருந்தை 0.2 கிரெய்ன் மாற்றி மூன்று மூன்றாகச் சுட்டு, ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று தேடுகிறவர்கள் பல சமயம் தற்செயலைத்தான் துரத்துகிறார்கள். பத்துச் சுட்டு, குறித்துவைத்து, இன்னொரு நாள் இன்னும் பத்துச் சுட்டுப் பாருங்கள். தாளும் பேனாவும் மலிவு. குழலின் ஆயுள் மலிவல்ல.

தூரம் கூடும்போது வேகத்தின் ஒழுங்கு முக்கியமாகிறது. 100 கஜத்தில் வேகம் சற்று மாறினாலும் தெரியாது. 1,000 கஜத்தில் அந்தச் சிறு வேறுபாடு பல அங்குல ஏற்ற இறக்கமாகிவிடும். ஒரே அளவு மருந்து, ஒரே தொகுப்புக் கூடு, ஒரே இறுக்கத்தில் கழுத்து என்று வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்கிறவருக்கு ஆலைத் தோட்டாவைவிட மேலான ஒழுங்கு கிடைப்பது இங்கேதான்.

பணம் மிச்சமா? பலரும் இதைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்குகிறார்கள். ஒரு தோட்டாவுக்கான செலவு குறைவது உண்மை. துல்லியச் சுடுதலுக்கான தோட்டாக்களிலும், கடையில் அரிதாகக் கிடைக்கும் பழைய வகைகளிலும் மிச்சம் கணிசமானது. ஆனால் கருவிக்குப் போட்ட முதல் திரும்ப நாளாகும், அதற்குள் நீங்கள் முன்பைவிட அதிகமாகச் சுடத் தொடங்கியிருப்பீர்கள். 2013லும், 2020இல் பெருந்தொற்றுக் காலத்திலும் அமெரிக்கக் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியானபோது, மருந்தும் பிரைமரும் முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் தடையில்லாமல் சுட்டார்கள். அப்போதும் எளிதில் ஈடுசெய்ய முடியாதது பிரைமர்தான். கூட்டை மறுபடி பயன்படுத்தலாம், ஈயக் குண்டை வார்த்துக்கொள்ளலாம். பிரைமரை வீட்டில் செய்ய நினைப்பது உயிரோடு விளையாடுவது.

வைத்திருக்கும் முறையிலும் அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதிகள் தெளிவானவை. வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற மருந்தை அதன் அசல் டப்பாவிலேயே வைக்கலாம். அதற்குமேல் 50 பவுண்டு வரை, ஒரு அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டிக்குள். பிரைமர் 10,000 வரை. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். இரும்புப் பெட்டகத்தில் பூட்டிவைத்தால் பத்திரம் என்று தோன்றும், அது தவறு. திறந்த இடத்தில் இந்த மருந்து சீறி எரியும். காற்றுப் புகாத இரும்புக்குள் அடைபட்டு எரிந்தால் அதுவே வெடிகுண்டாகிவிடும். மரப்பெட்டி தீயில் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் மரம்.

ஈயத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கூடுகளை உலர்ந்த உமியிலோ தானியத் தூளிலோ போட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூசி பறந்து மூச்சில் கலக்கிறது. அந்த வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், அல்லது நீரில் போட்டுக் கழுவுங்கள். மேசையருகே சாப்பிடவோ காபி குடிக்கவோ வேண்டாம். கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த அறைக்குப் பூட்டு வேண்டும்.

இன்னும் இரண்டு பழக்கங்கள். மற்றவர் நிரப்பிய தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் சுடாதீர்கள். உங்களுடையதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. உங்கள் அறைக்கென்று அளந்த கூடு அவருடையதில் பொருந்தாமல் போகலாம், அவர் கண்ணயர்ந்த ஒரு நிமிடம் உங்கள் கையில் வந்து வெடிக்கலாம். அடுத்தது, ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு: தேதி, கூட்டின் பெயர், எத்தனையாவது நிரப்பல், பிரைமர், மருந்தின் முழுப் பெயர், எடை, குண்டு, மொத்த நீளம். களைத்திருக்கும்போதும் பேச்சுத்துணை இருக்கும்போதும் நிரப்பாதீர்கள். மேசையில் தொலைபேசி வேண்டாம். நடுவில் எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள்.

எனக்கு இதைக் கற்றுத்தந்த பெரியவர் ஒரு கண்ணாடி ஜாடியில், நெடுக்குவாட்டில் ரம்பத்தால் பிளந்த கூடுகளைப் போட்டு வைத்திருந்தார். முதல் நாள் அவர் பிரஸ்ஸைக் காட்டவில்லை. ஜாடியைக் கவிழ்த்து, ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, உள்சுவரில் அடிக்குச் சற்று மேலே கரும் நிழல் போல் ஓடிய மெல்லிய வளையத்தை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெளியில் அந்தக் கூட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொரு முறை நிரப்பியிருந்தால் அறுந்திருக்கும் என்றார். நானும் இப்போது ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும், ஐந்தாவது நிரப்பலுக்குப் பிறகு, ஒன்றை எடுத்துப் பிளந்துவிடுகிறேன்.